பட்டப்பகலில் வந்த விளக்குகள்

எங்க மச்சான் வாயத் தொறந்து நாலு வார்த்தை சேந்தாப்புல பேசுறது வருசத்துக்கு ஒரே ஒரு நாளு. டிசம்பர் ஒம்பது. மச்சான்னா எம் புருஷன் பாக்கர். மாமா மகனக் கட்டிக்கிட்டவ நான், அதனால கல்யாணத்துக்கு முன்னாடியும் மச்சான், பின்னாடியும் மச்சான். பிரான்ஸ் நாட்டுல லியோன்னு ஒரு ஊரு, அங்கன ஒரு ஓட்டல் அடுப்படியில வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெறகு தவறாம போன் வரும். "என்ன, எல்லாரும் நல்லாருக்கீகளா? பிள்ளை எங்க? சரி, வைக்கவா?" தீந்துச்சு. அரிசி வெலையிலேர்ந்து அடுத்த வீட்டு ஆடு செத்தது வரைக்கும் சொல்றதுக்கு நான் ஒரு வாரமாச் சேத்து வச்சிருப்பேன். ஒண்ணும் சொல்ல விடமாட்டாக. எனக்கு வருமே ஒரு கோவம், போனத் தூக்கிக் கடல்ல போடலாமான்னு இருக்கும்.

ஆனா டிசம்பர் எட்டு அங்கன விளக்குத் திருநாளு. மறுநாள் காலைல வீடியோ வரும், பின்னாடியே போன் வரும். அன்னைக்கு மட்டும் அந்த மனுசன் வேற ஆளு.

"காலிதா, மலை மேல ஒரு சர்ச்சு தெரியுதா? மூலைக்கு ஒரு கோபுரம். ஊருக்காரனே அதக் கவுத்துப் போட்ட யானைன்னு கேலி பண்றான். மரியம் அலைஹிஸ்ஸலாம் பேருல கட்டினது புள்ள. முன்னொரு காலத்துல இங்கன கொள்ளைநோய் வந்து சனம் செத்து மடிஞ்சிருக்கு. ஊர்ப் பெரியவுக மரியம் அம்மா பேருல நேர்ச்சை வச்சிருக்காக, நோய் நிக்கணும்னு. பெறகு ரொம்பக் காலம் கழிச்சு மலையில அவுகளுக்கு ஒரு செலை வச்சிருக்காக. அன்னைக்குப் பாத்து இடியும் மழையும். விழாவே நின்னு போச்சுன்னு நெனைச்சப்ப மழை விட்டிருச்சு. ஒடனே ஊரு சனம் அவுகவுக வீட்டுச் சன்னல்ல விளக்கு ஏத்தி வச்சிருக்காக. யாரும் சொல்லல, அவுகளா வச்சது. அன்னையிலேர்ந்து எட்டாம் தேதின்னா சன்னலுக்குச் சன்னல் விளக்குத்தான். சின்னக் கண்ணாடிக் கிளாஸு, உள்ள மெழுகுவத்தி."

"கூட்டம் எம்புட்டு?"

"நம்ம சந்தனக்கூடு ராத்திரிக் கூட்டத்த நாலால பெருக்கிக்க. ராஜா ஒருத்தர் குதிரை மேல இருக்க மாதிரி செலை வச்ச மைதானம் ஒண்ணு இருக்கு, அதுல மண்ணு தெரியல. கட்டடத்துச் செவுரு பூராம் கலர் கலரா லைட்ட அடிச்சு, செவுரே ஆடுற மாதிரி காட்டுறான்."

"நீங்க விளக்கு வச்சீகளா?"

"வச்சேன்."

"நாம வைக்கலாமா மச்சான்? மார்க்கத்துல கூடுமா?"

"நேர்ச்சையா வைக்கிறேன்? ஊரே வைக்குது. எஞ்சன்னல் மட்டும் இருட்டாக் கெடந்தா உள்ள யாருடா ஒளிஞ்சிருக்கான்னு பாக்க மாட்டானா?" சொல்லிட்டு அவுகளே சிரிப்பாக.

ஏன்னா மச்சானுக்குப் பேப்பர் கெடையாது. ஏஜெண்டு மூலமா போன ஆளு. பழைய ஊருப் பக்கம் ஒரு வாசல்ல நுழைஞ்சா வீட்டு உள்ளயே நடந்து அடுத்த தெருவுல வெளிய வரலாமாம். அந்தக் காலத்துல பட்டு நெய்யிறவுக துணி நனையாம தூக்கிட்டுப் போன சந்தாம். "அவுக மழைக்குப் பயந்து போனாக, நான் போலீசுக்குப் பயந்து போறேன்"பாக. நாலு வருசமா ஊருக்கு வராததும் இதனாலதான். வந்துட்டா திரும்பப் போக முடியாது. எங்க மக லாமியா நிக்காஹ் முடியட்டும், ஒரேயடியா வந்துர்றேன்னு சொல்லியிருந்தாக.

அவுக கூட ஒரே ரூம்புல இருந்தது யோகேஸ்வரன். உச்சிப்புளிக்கு உள்ள தள்ளி ஏதோ ஒரு ஊரு, காடு கரை உழுகுற சம்சாரி வீட்டுப் பிள்ளை, முப்பது வயசு இருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஏஜெண்டுகிட்ட ஏமாந்தவுக. ஒரு வருசத்து வீடியோவுல மச்சான், "ஏலே யோகேசு, அக்காவுக்கு ஒரு கும்புடு போடுலே"ன்னாக. குல்லா மாட்டிக்கிட்டு வெடவெடன்னு நடுங்கிட்டு நின்ன பய, வெக்கப்பட்டு, "வணக்கம் அக்கா"ன்னான். நான் அவனப் பாத்தது அம்புட்டுத்தான்.

2020 மார்ச்சு கடைசியில மச்சானுக்குக் காய்ச்சல். ஓட்டல மூடிட்டாக, ஒரு ரூம்புல ஆறு பேரு அடைஞ்சு கெடந்திருக்காக. ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு தடவ பேசுனாக. "மூச்சு வாங்குது. வேற ஒண்ணுமில்ல. நிக்காஹ் தேதியத் தள்ளிப் போடாதீக." நோன்புப் பெருநாள் கழிச்சு ஜூன் மாசம் தேதி குறிச்சிருந்தோம். நான் பேச வாயெடுக்கயில, "சரி, வைக்கவா?"ன்னாக. வச்சுட்டாக.

அதுக்குப் பெறகு போன் எடுக்கல. இங்கனயும் ஊரடங்கு, பள்ளிவாசல் பூட்டிக் கெடக்கு. நான் வீட்டுலயே தொழுகுற முசல்லாவ விரிச்சுப் போட்டு உக்காந்துட்டேன். எம் மச்சானப் பொழைக்க வச்சுரு ரப்பே, தர்காவுல நெய்ச்சோறு ஆக்கி ஊருக்குப் போடுறேன்னு நேர்ச்சை வச்சேன். ஏப்ரல் பதினஞ்சு காலைல அவுக நம்பர்லேர்ந்து மெசேஜ் வந்துச்சு. "பொழைச்சிட்டேன். தொண்டையில கொழாய் போட்டதால கொரலு போயிருச்சு. பேசக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. எழுதுறேன்."

நான் கத்துன கத்துல தெருவே வந்துருச்சு. அல்ஹம்துலில்லாஹ்ன்னு அழுது, சிரிச்சு, மறுபடி அழுது, லாமியா என்னையப் பிடிச்சு உக்கார வச்சுச்சு. செப்டம்பர்ல தர்காவத் தொறந்த ஒடனே நெய்ச்சோறு போட்டு நேர்ச்சைய முடிச்சேன்.

அந்த ஏப்ரல்லேர்ந்து எனக்கு ஒரே ஒரு ஆசைதான். மச்சான் கொரல ஒருக்காக் கேக்கணும். "வைக்கவா?"ன்னு சொன்னாக்கூடப் போதும். கேட்டுக்கிட்டே இருந்தேன். "வந்துரும், கொஞ்சம் பொறு"ன்னு பதில் வரும். மொகத்தையாவது காட்டுங்கன்னா, "வத்திப் போயி அசிங்கமா இருக்கேன், நிக்காஹ் முடியட்டும்"னு வரும். ஊரடங்கு நீள நீள ஜூன் நிக்காஹ் ஆகஸ்ட்டுக்குப் போயி, ஆகஸ்ட்டும் தாண்டி நவம்பர்ல நின்னுச்சு. ஒரு நாளு எனக்குப் பொறுக்கல. "உண்மையச் சொல்லுங்க, வெள்ளைக்காரி எவளையும் வச்சிருக்கீகளா? அவ பக்கத்துல இருக்கதாலதான் மூஞ்சியக் காட்ட மாட்டேங்குறீகளா?"ன்னு எழுதிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சுப் பதில் வந்துச்சு.

"சாப்பிட்டியா? மொதல்ல சாப்பிடு. பெறகு என்னைய வையி."

அந்த மனுசன் இருபத்திரெண்டு வருசத்துல என்னையப் பாத்து சாப்பிட்டியான்னு கேட்டதே கெடையாது. நான் போனப் பிடிச்சுக்கிட்டு அடுப்படியில நின்னேன். சோறு போட்டு, சாப்பிட்டு, தட்டப் படம் பிடிச்சு அனுப்பினேன். "மீன் என்ன மீனு?"ன்னு கேட்டு வந்துச்சு. சீலா மீனுன்னேன். "ஒரு துண்டுதான் இருக்கு, இன்னொண்ணு வச்சுக்க"ன்னு வந்துச்சு.

பெறகு வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதே பாடுதான். என்ன ஆக்குனே, மூட்டு வலி எப்பிடி இருக்கு, மழை பெஞ்சுச்சா, கோழி அடை வச்சியே, குஞ்சு எத்தனை. சேத்து வச்ச அம்புட்டையும் நான் எழுதுவேன், எல்லாத்துக்கும் பதில் வரும். பக்கத்து வீட்டு சஃபாகிட்ட பெருமை வேற. "அடியே, எங்க மச்சான் செத்துப் பொழைச்சு வந்து நல்ல மனுசனாயிட்டாகடி." அவ சிரிச்சா. "அப்ப எங்க வீட்டு ஆளையும் கொஞ்சம் காய்ச்சல்ல படுக்க வையி லாத்தா"ன்னா. நாங்க ரெண்டு பேரும் அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு தெரு முக்கு வரைக்கும் கேட்டிருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு, "புதுசு உடுத்துனியா? ஒரு படம் அனுப்பு"ன்னு வந்துச்சு. பிள்ளை இல்லாத நேரமாப் பாத்துக் கதவச் சாத்திட்டு, முக்காட்ட எறக்கிவிட்டு, தலை நெறைய மல்லியப்பூ வச்சு, நானே என்னையப் படம் பிடிச்சு அனுப்பினேன். நாப்பத்திமூணு வயசுல! "நல்லாருக்கு"ன்னு ஒத்த வார்த்தை வந்துச்சு. அத நான் அன்னைக்குப் பூராம் எடுத்து எடுத்துப் பாத்தேன்.

நவம்பர் கடைசியில நிக்காஹ். மாப்பிள்ளை ஆதில், மண்டபம் ஊருக்காரரு, நல்ல குணம். வாப்பா ஊருல இல்லாததால பிள்ளைய நிக்காஹ் செஞ்சு குடுக்குற பொறுப்ப மச்சானோட அண்ணன் காஜா நவாஸ் ஏத்துக்கிட்டாக. வாப்பாவோட சம்மதத்தப் போன்ல கேக்கணும்னாரு பள்ளிவாசல் ஹஜ்ரத். கொரல் இல்லையே! மெசேஜ் வந்துச்சு, அதையே சபையில வாசிச்சாரு. "என் மகள் லாமியாவை நிக்காஹ் செய்து கொடுக்க என் அண்ணனை என் சார்பில் வக்கீலாக நியமிக்கிறேன். அல்லாஹ் அவளை நல்லபடி வைப்பானாக." பச்சைப் பட்டு உடுத்திக்கிட்டு, பொம்பளைக கூட்டத்துல மொத ஆளா நின்னு, எல்லாத்தையும் கண்ணாரப் பாத்தேன்.

அன்னைக்குச் சாயங்காலமே எழுதினேன். "நிக்காஹ் முடிஞ்சிருச்சு மச்சான். இப்ப மொகத்தக் காட்டுங்க." அடுத்த நாள் பதில் வந்துச்சு. "விளக்குத் திருநாளைக்குப் பேசுறேன். கொரல் அதுக்குள்ள வந்துரும்." எனக்கு அது போதும். எட்டாம் தேதி எட்டாம் தேதின்னு வீட்டுல எல்லாரையும் படுத்தி எடுத்தேன்.

டிசம்பர் எட்டு செவ்வாக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தாக. அஸர் தொழுதுட்டு வட்டலப்பம் எடுத்து வைக்கயில போன் கத்துச்சு. வீடியோ! மலைக் கோயிலு, குதிரைச் செலை மைதானம், செவுத்துல கலர் லைட்டு, எள்ளுப் போட்டா விழாத கூட்டம். கீழ எழுதியிருந்துச்சு. "விளக்கு பாரு. கொரல் இன்னும் வரல, கோவிச்சுக்காத."

கொரல் வரலன்னதுல எம் மொகம் சுண்டிப் போச்சு. இருந்தாலும் மாப்பிள்ளைக்குக் காட்டணும்ல? "பாருங்க மாப்ளே, உங்க மாமா ஊரு, இப்ப எடுத்தது"ன்னு போன நீட்டினேன். ஆதில் வாங்கிப் பாத்தாரு. மறுபடி பாத்தாரு. செவுத்துல இருந்த கடிகாரத்தப் பாத்தாரு.

"மாமி, இப்ப அங்கன மணி என்ன இருக்கும்?"

"நமக்கு நாலரை மணி நேரம் பின்னால. நமக்கு அஞ்சு, அங்கன பன்னெண்டரை."

சொன்ன வாய மூடல, எனக்கே சுருக்குன்னுச்சு. பட்டப்பகலு. வீடியோவுல வானம் கரிக்கட்டையா இருட்டிக் கெடக்கு.

"போன வருசத்துதா இருக்கும் உம்மா, வாப்பா ஆசைக்கு அனுப்பிருப்பாக"ன்னுச்சு லாமியா.

ஆதில் வீடியோவ நிப்பாட்டிப் பெருசாக்கிக் காட்டுனாரு. "இம்புட்டுப் பேருல ஒருத்தர்கூட மாஸ்க் போடல மாமி." பெறகு அவரு போன எடுத்து என்னத்தையோ தேடுனாரு. தேடி முடிச்சுட்டு என் மூஞ்சியப் பாக்காம சொன்னாரு. "இந்த வருசம் கொரோனாவால விழாவையே நிப்பாட்டிட்டாகளாம். அவுகவுக வீட்டுச் சன்னல்ல விளக்கு மட்டும் ஏத்திக்கிடச் சொல்லிருக்காகளாம்."

எனக்கு மொதல்ல வந்தது பயமில்ல, கோவந்தான். விளக்கே இல்லாத வருசத்துல எனக்கு விளக்கு காட்டுறதுக்கு நான் என்ன கேணச்சியா? எழுதினேன். "எனக்கு உங்க வீடியோ வேணாம். சன்னல்ல விளக்கு வைப்பீகல்ல, அந்தச் சன்னல இப்ப இந்த நிமிசம் படம் பிடிச்சு அனுப்புங்க. சன்னல் பக்கத்துல உங்க மொகமும் இருக்கணும். இல்ல, இன்னையோட உங்களுக்கும் எனக்கும் பேச்சு இல்ல."

ரெண்டு நீலக் கோடும் விழுந்துச்சு. படிச்சாச்சு. எழுதுறதாக் காட்டும், நிக்கும். மறுபடி காட்டும், நிக்கும். வட்டலப்பத்துல ஈ மொய்க்குது, ஒருத்தரும் வெரட்டல. பொழுதடைஞ்சு மஃரிபுக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் இப்பிடியே. பெறகு படம் வந்துச்சு.

சன்னலு. வெளிய பகல் வெளிச்சம். சன்னல் கட்டையில ஏத்தாத மெழுகுவத்தியோட ஒரு கண்ணாடிக் கிளாஸு. பக்கத்துல மச்சானோட வெள்ளைத் தொப்பி, துவைச்சு மடிச்சு வச்சிருந்துச்சு. நான் வாங்கிக் குடுத்து அனுப்புன தொப்பி. மொகம் இல்ல.

படத்துக்குக் கீழ ஒரு வார்த்தை. "அக்கா."

எம் புருஷன் நம்பர்லேர்ந்து எனக்கு அக்கான்னு வருது.

நான் போன் போட்டேன். எட்டு மாசமா எடுக்காத போன மொத மணியிலேயே எடுத்துட்டான்.

"எங்க எம் மச்சான்?"

"அக்கா, என்னைய..."

"எங்கடா எம் மச்சான்?"

"ஏப்ரல் பதினொண்ணு அக்கா."

நான் எங்கேன்னு கேட்டேன். அவன் தேதியச் சொல்றான். லாமியா என் மேல சாஞ்சு கத்துச்சு. எனக்குக் கத்த வரல. போன ஸ்பீக்கர்ல போட்டு முன்னாடி வச்சுட்டு, சொல்லுடான்னேன்.

சொன்னான். கொழாய் போடுறதுக்கு முந்தின நாளு மச்சான் இந்த யோகேசுக்குப் போன் பண்ணிருக்காக. "எனக்கு எதுவும் ஆனா லாமியா நிக்காஹ் முடியுற வரைக்கும் வீட்டுக்குச் சொல்லாதலே. சொன்னா காலிதா இத்தாவுல உக்காந்துருவா. நாலு மாசம் பத்து நாளு வெளிய வரமாட்டா. மக நிக்காஹ்வ உள் ரூம்புல கெடந்து காதால கேப்பா. அவ கண்ணால பாக்கட்டும்." சபையில வாசிச்ச அந்தச் சம்மதத்த அன்னைக்கே எழுதி இவனுக்கு அனுப்பிட்டாக. நாளு வரும்போது தன் போன்லேர்ந்தே அனுப்பச் சொல்லிருக்காக. "அது ஒண்ணு மட்டும் அண்ணன் எழுதுனது அக்கா"ன்னான்.

"அடக்கம்?"

"இங்கன முஸ்லீம்களுக்குன்னு தனியா எடம் இருக்குக்கா. நானும், அண்ணன்கூட வேலை பாத்த ஒரு அல்ஜீரியாக்காரரும்தான் போனோம். அவரு தொழுதாரு. நான் பின்னாடி கையக் கட்டிக்கிட்டு நின்னேன். நான் நிக்கலாமா கூடாதான்னு தெரியல. அவரு வீட்டுக்கு யாரு சொல்றதுன்னு ஆஸ்பத்திரியில கேட்டாக, நான் சொல்லிக்கிறேன்னு கையெழுத்துப் போட்டு அண்ணன் போன வாங்கிக்கிட்டேன். மூணு நாளு போனக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க வரிசையா மெசேஜ் அனுப்பிக்கிட்டே இருந்தீக."

"நிக்காஹ் முடிஞ்சிருச்சுல்லடா! அன்னைக்கே ஏன் சொல்லல?"

மூக்க உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. "நாளைக்குச் சொல்லிரலாம் நாளைக்குச் சொல்லிரலாம்னு இருந்தேன். எனக்கும் இங்கன வேற ஆளு இல்லக்கா. வெள்ளிக்கிழமை நீங்க என்ன ஆக்குனீகன்னு எழுதுவீக. அதுக்காக வாரம் பூராம் இருந்தேன்."

பெருநாளு படம் அப்பத்தான் எனக்கு நெனப்பு வந்துச்சு. மகளும் மாப்பிள்ளையும் இருக்காகன்னு ஸ்பீக்கர அணைச்சுட்டுக் காதுல வச்சேன். "அந்தப் படம்?"ன்னேன்.

"அழிச்சுட்டேன்க்கா. பாக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். புதுசு உடுத்துனதக் கேக்கவும் ஆளில்லையேன்னு நீங்க வெறுத்துறக் கூடாதுன்னுதான் கேட்டேன். கேட்டது தப்பு."

நான் வையாத வசவு இல்ல. அவன் பொறப்ப வஞ்சேன், அவனப் பெத்தவளையும் வஞ்சேன். "இனிமே அந்த நம்பர்லேர்ந்து ஒரு எழுத்து எனக்கு வரக்கூடாது. சிம்மப் பிடுங்கி அங்கன ஓடுற ஆத்துல போடு." சரிக்கான்னான். வச்சுட்டேன்.

அன்னைக்கே பொம்பளைக வந்து என் வளையலக் கழட்டி, வெள்ளைச் சேலையக் குடுத்து, உள் ரூம்புல உக்கார வச்சாக. வீடு பூராம் அழுகை. என் கண்ணுல ஒரு சொட்டு வரல. அழுகாட்டி நெஞ்சு வெடிச்சுரும்டின்னு ஆளாளுக்கு உலுக்குனாக. இருபத்திரெண்டு வருசம் வாழ்ந்த மனுசனுக்கு அழுக வரலையேன்னு எனக்கே என் மேல பயமாப் போச்சு.

மூணாம் நாளு வியாழக்கிழமை, காஜா நவாஸ் மச்சான் ஹஜ்ரத்தக் கூட்டிட்டு வந்தாக. நிக்காஹ்வுக்கு ஒண்ணும் பழுதில்ல, வாப்பா இல்லாட்டி பெரிய வாப்பாதான் பொறுப்பு, அவரே குடுத்ததால செல்லும்னு மொதல்ல சொன்னாரு. பெறகு தெரைக்கு அந்தப் பக்கம் நின்னு மெதுவாச் சொன்னாரு.

"நீங்க இத்தா இருக்க வேண்டியதில்லைம்மா. இத்தாவுக்குக் கணக்கு மவுத்தான நாள்லேர்ந்துதான், செய்தி வந்த நாள்லேர்ந்து இல்ல. உங்களுக்கு ஆகஸ்ட்டு மாசமே முடிஞ்சிருச்சு. தெரியாம இருந்ததுக்குக் குத்தமில்ல. வெளிய வரலாம், போகலாம்."

நல்ல மனுசன், எனக்கு லேசா இருக்கட்டும்னுதான் சொன்னாரு. எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு.

"முடிஞ்சிருச்சா? அப்ப நான் எப்ப ஹஜ்ரத் இருந்தேன்?"

நான் தெரையப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

"ஆகஸ்ட்டு நிக்காஹ்வுக்குன்னு ராமநாதபுரத்துக்கு ஜவுளி எடுக்கப் போனேனே, ஆட்டோவுல சிரிச்சுக்கிட்டே வந்தேனே, அதுவா எம் மச்சானுக்கு நான் இருந்த இத்தா? தலை நெறையப் பூ வச்சேனே, அதுவா?"

"அழுகுறதுக்குத் தடையில்லைம்மா"ன்னாரு. துஆ ஓதிட்டுப் போயிட்டாக. பொம்பளைக வெள்ளைச் சேலைய மாத்தி விட்டாக. மக நிக்காஹ்வ நான் கண்ணால பாக்கணும்னு நெனைச்சாகளே, அது சரிதான். ஆனா அதுக்குப் பதிலா என்னத்தப் பிடுங்கிட்டுப் போனாகன்னு மச்சானுக்கும் தெரியாது, அந்தப் பயலுக்கும் தெரியாது. நான் ரோசாக் கலர் சேலையில நடு வீட்டுல உக்காந்திருந்தேன். கூடத்து ஆளுக கலைஞ்சு போயி, பாயச் சுருட்டி வச்சாச்சு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிஞ்சுச்சு. லாமியா சோறு போட்டு வச்சுச்சு, நான் தொடல. அஸர் பாங்கு சொன்னாக, தொழுதேன். தொழுதுட்டு என்னைய அறியாம போனக் கையில எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். அஞ்சு ஆச்சு. அஞ்சே முக்கால் ஆச்சு. கையில அது சத்தமில்லாமக் கெடந்துச்சு.

சாப்பிட்டியான்னு வரல.

அப்ப வந்துச்சு அழுகை. அடி வயித்துலேர்ந்து வந்துச்சு. மூணு நாளா எங்கன இருந்துச்சோ, செவுத்துல மண்டைய முட்டி முட்டி அழுதேன். சஃபா ஓடி வந்தா, அழட்டும் விடுங்க, மச்சானுக்காக இப்பவாச்சும் அழுகுறாகளேன்னா. அவளுக்குத் தெரியாது. அந்த அழுகை எம் மச்சானுக்கு இல்ல. எனக்கும் தெரியும், என்னையப் படைச்சவனுக்கும் தெரியும். எம் மூட்டு வலியக் கேட்ட மனுசனுக்கு அழுதேன். இன்னொரு துண்டு வச்சுக்கன்னு சொன்ன மனுசனுக்கு. அந்த மனுசன் எம் மச்சானும் இல்ல, அந்த உச்சிப்புளிப் பயலும் இல்ல. அப்பிடி ஒருத்தரு எங்கனயும் இல்ல. அவுகளோட நான் எட்டு மாசம் சந்தோசமா வாழ்ந்துட்டேன்.

எல்லாரும் போன பெறகு, "நீங்க சாப்பிட்டீகளா?"ன்னு எழுதி அந்த நம்பருக்கு அனுப்பினேன். ஒத்தைக் கோடு விழுந்துச்சு. ரெண்டாவது கோடு விழல. நான் சொன்ன மாதிரியே சிம்மப் பிடுங்கிட்டான்.

நான் எந்திரிச்சுப் போயி, கொடியில கெடந்த வெள்ளைச் சேலைய எடுத்து உடுத்திக்கிட்டேன். உள் ரூம்புல போயித் தரையில உக்காந்தேன். லாமியா வாசல்ல வந்து நின்னுச்சு. அழுது அழுது பிள்ளைக்கு மொகம் வீங்கிக் கெடந்துச்சு.

"உம்மா, இத்தாதான் முடிஞ்சிருச்சுன்னு ஹஜ்ரத் சொல்லிட்டாகல்ல?"

"அது உங்க வாப்பாவுக்கு."

"பெறகு என்னத்துக்கு உம்மா உள்ள வந்து உக்காந்திருக்கீக?"

"நாலு மாசம் பத்து நாளு. இன்னையிலேர்ந்து எண்ணு. கதவச் சாத்திட்டுப் போ."

பிள்ளை ஒண்ணும் புரியாம என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. பெறகு கதவச் சாத்துச்சு.